வேகம் எண்ணியா, காவியா? ஒரே சொல்லுக்கு இரு கரையில் இரு பொருள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து பௌதிகவியல் படிக்கும் ஒரு பிள்ளை, பாடநூலில் "வேகம் ஒரு காவிக் கணியம்" என்று படிக்கிறது. இரவு யூடியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவரின் காணொளியைத் திறந்தால், "வேகத்துக்குத் திசை கிடையாது" என்று அவர் சொல்கிறார். இன்னொரு காணொளியில் நிறைக்கும் திசை இல்லை என்கிறார்கள். கையிலிருக்கும் பாடநூலோ, நிறை என்பது பூமியின் மையத்தை நோக்கி இழுக்கும் விசை என்று அழுத்திச் சொல்கிறது.

இதில் யார் பிழை? ஒருவரும் பிழையில்லை. இரு நாட்டுக் கலைச்சொல்லாக்கமும் வேறுவேறு வழியில் போனதால் வந்த குழப்பம் இது. ஆனால் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் போனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு கணியம் எண்ணியா காவியா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? "திசை இருந்தால் காவி, இல்லாவிட்டால் எண்ணி" என்று பரீட்சைக்கு மனனம் செய்கிறோம். அந்த வரி பாதி உண்மைதான். மீதிப் பாதி என்ன என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

இலங்கைப் பாடநூல்களிலும் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் வழங்கும் சொற்களில் இந்த விடயத்துக்கு வேண்டியவை இவை:

1. ஒரு பொருள் எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதை மட்டும் சொல்வது இலங்கையில் "கதி". தமிழ்நாட்டில் அதுவே "வேகம்". இது எண்ணி.

2. எவ்வளவு விரைவாக, எந்தத் திசையில் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது இலங்கையில் "வேகம்". தமிழ்நாட்டில் "திசைவேகம்". இது காவி.

3. பொருளில் அடங்கியிருக்கும் சடத்தின் அளவு, அதாவது கிலோகிராமில் அளப்பது, இலங்கையில் "திணிவு". தமிழ்நாட்டில் "நிறை". இது எண்ணி.

4. அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசை, அதாவது நியூற்றனில் அளப்பது, இலங்கையில் "நிறை". தமிழ்நாட்டில் "எடை". இது காவி.

5. வேகம் மாறும் வீதம் இலங்கையில் "ஆர்முடுகல்", தமிழ்நாட்டில் "முடுக்கம்". இங்கே சொல்தான் வேறு, குழப்பம் இல்லை.

6. எண்ணி, காவி என்று நாம் சொல்பவற்றை அங்கே ஸ்கேலர், வெக்டர் என்பார்கள். திசையிலி, திசையன் என்றும் எழுதுவார்கள்.

இதில் ஆபத்தானவை முதல் நான்கும். ஆர்முடுகல், முடுக்கம் போல முற்றிலும் வேறான சொல்லாக இருந்தால் மாணவர் நின்று யோசிப்பார். வேகம், நிறை என்ற இரண்டும் இரு பக்கமும் இருக்கும் சொற்கள். ஆனால் பொருள் மாறுவதோடு கணியத்தின் வகையே மாறிவிடுகிறது. காணொளியில் கற்பதில் தவறே இல்லை. "வேகம்" என்று காதில் விழும்போது பேசுபவர் எந்தக் கரையில் நின்று பேசுகிறார் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

அன்றாடப் பேச்சு இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. தெற்கு அதிவேகப் பாதையில் "வேக எல்லை 100" என்று சொல்கிறோம். பாடநூல்படி அது கதி எல்லை. கொட்டாவையிலிருந்து காலி நோக்கிப் போனாலும் காலியிலிருந்து கொட்டாவை நோக்கி வந்தாலும் அதே 100தான். இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் இலங்கைப் பாடநூல் வழக்கு.

எண்ணி என்பது

அளக்கக்கூடிய எதுவும் கணியம். அதன் அளவை எண்ணும் அலகுமாகச் சொல்வது பருமன். 5 கிலோகிராம், 30 பாகை செல்சியஸ், 2 மணித்தியாலம் எல்லாம் பருமன்கள். பருமனைச் சொன்னதும் கணியம் முழுமையாகச் சொல்லப்பட்டுவிட்டது என்றால் அது எண்ணிக் கணியம். திணிவு, நேரம், வெப்பநிலை, அடர்த்தி, கனவளவு, சக்தி, வலு, மின்னேற்றம் இவை அந்த வகை. புறக்கோட்டையில் 5 கிலோ பருப்பு வாங்கும்போது "எந்தத் திசையில் 5 கிலோ?" என்று கேட்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே விலக்கிவிட வேண்டும். மறைக்குறி இருந்தால் அது திசையைக் காட்டுகிறது, ஆகவே காவி என்று பலர் நினைக்கிறார்கள். மீன் உறைய வைக்கும் பெட்டியில் −18 பாகை செல்சியஸ் என்று இருக்கும். அந்த மறைக்குறி எந்தப் பக்கத்தையும் காட்டவில்லை. பூச்சியம் என்று நாம் குறித்த இடத்துக்குக் கீழே என்றுதான் சொல்கிறது. இலத்திரனின் மின்னேற்றமும் மறை, ஆனாலும் எண்ணிதான்.

எண்ணி என்றால் எப்போதும் கூட்டலாம் என்பதும் சரியில்லை. 30 பாகைத் தண்ணீரையும் 60 பாகைத் தண்ணீரையும் கலந்தால் 90 பாகை வராது. ஒரு கணியத்தைக் கூட்டுவதற்குப் பொருள் உண்டா என்பது தனிக் கேள்வி.

காவி என்ற சொல் எங்கிருந்து வந்தது

"குடத்தைக் காவிக்கொண்டு வா" என்பது நம் வீடுகளில் இன்றும் பேசும் தமிழ். காவடிக்கும் அதே வேர்தான். சுமந்து கொண்டுபோவது காவுதல். ஆங்கிலத்தில் வெக்டர் என்று எடுத்துக்கொண்ட இலத்தீன் சொல்லின் பொருளும் "சுமந்து செல்பவர்" என்பதே. கலைச்சொல் ஆக்கியவர்கள் ஒலியைக் கடன் வாங்காமல் பொருளைப் பிடித்திருக்கிறார்கள். ஈழத்துத் தமிழ் அறிவியலுக்குக் கொடுத்த அழகான சொற்களில் இதற்கு இடம் உண்டு.

இந்தச் சோடிச் சொற்களைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் அயர்லாந்துக் கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹமில்டன். 1843 ஒக்ரோபர் 16ஆம் திகதி டப்ளின் நகரின் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, நான்கு பகுதிகள் கொண்ட ஒரு புதிய வகை எண் அவருக்குத் தோன்றியது. அதைப் பாலத்தின் கல்லில் செதுக்கிவைத்தார். அந்த நான்கில் தனித்து நிற்கும் ஒன்றை ஸ்கேலர் என்றும், வெளியில் திசை காட்டும் மற்ற மூன்றையும் சேர்த்து வெக்டர் என்றும் பெயரிட்டார். ஸ்கேலர் என்பதன் வேர், ஏணி என்று பொருள்படும் இலத்தீன் சொல். ஏணிப்படியில் மேலே, கீழே என்று இடம் குறிக்கலாமே தவிர வேறு பக்கம் போக முடியாது. வெப்பமானியின் கோடுகள் அப்படித்தான். இன்று நாம் எழுதும் எளிய காவி முறை 1880களில் அமெரிக்கரான கிப்ஸும் ஆங்கிலேயரான ஹெவிசைட்டும் தனித்தனியே ஒழுங்குபடுத்தியது.

காவி எதைக் காவுகிறது? ஒரு புள்ளியை இன்னொரு புள்ளிக்கு. அதனால்தான் காவிகளில் மிக எளியது இடப்பெயர்ச்சி.

பதுளைக்குப் போகும் ரயில்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை ரயில் பாதையின் நீளம் சுமார் 290 கிலோமீற்றர். தேசப்படத்தில் இரு ஊர்களையும் நேர்கோட்டால் இணைத்தால் ஏறக்குறைய 130 கிலோமீற்றர்தான், அதுவும் கிட்டத்தட்ட நேர்கிழக்கே. பொல்காவலை வரை வடக்கே ஏறி, கண்டிப் பக்கம் திரும்பி, நானுஓயா, பண்டாரவளை என்று மலையைச் சுற்றிச் சுற்றிப் போவதால் பாதை இரு மடங்குக்கும் மேல் நீள்கிறது.

290 கிலோமீற்றர் என்பது தூரம், எண்ணி. கிழக்கே 130 கிலோமீற்றர் என்பது இடப்பெயர்ச்சி, காவி. இடப்பெயர்ச்சி பாதையைக் கேட்பதில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை மட்டும் கேட்கும். பயணம் 10 மணித்தியாலம் எடுத்தது எனக் கொண்டால் சராசரிக் கதி மணிக்கு 29 கிலோமீற்றர். சராசரி வேகமோ கிழக்குத் திசையில் மணிக்கு 13 கிலோமீற்றர். ஒரே பயணம், ஒரே நேரம், ஆனால் விடை பாதிக்கும் குறைவு. வினாத்தாளில் "சராசரி வேகம்" என்று கேட்டால் மொத்தத் தூரத்தை நேரத்தால் வகுப்பதுதான் மாணவர் அதிகம் விடும் பிழை.

பதுளைக்குச் சற்று முன்னால் இந்தப் பாடத்தை நேரில் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது: தெமோதரை. ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்பி, வளைந்து இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. அந்தக் கணத்தில் யன்னலோரம் இருக்கும் பயணி முழுச் சுற்றையும் கடந்திருக்கிறார். கிடைத்திசையில் அவருடைய இடப்பெயர்ச்சி பூச்சியம். எஞ்சியிருப்பது நிலைக்குத்தாகக் கீழ்நோக்கிய இடப்பெயர்ச்சி மட்டும். செங்குத்தான இறக்கத்தில் ரயில் இறங்க முடியாது. ஆனால் பாதை கீழே போயாக வேண்டும். தூரத்தைக் கூட்டி இடப்பெயர்ச்சியைச் சுருக்கிக்கொண்ட பொறியியல் அது.

கதி மாறாமல் வேகம் மாறுவது

ஓட்டோ ஒன்று சுற்றுவட்டத்தில் மணிக்கு 20 கிலோமீற்றர் என்ற மாறாக் கதியில் திரும்புகிறது. மானியின் முள் அசையவில்லை. ஆனாலும் உள்ளே இருப்பவர் கம்பியைப் பிடிக்கிறார். மடியில் வைத்த பை ஓரத்துக்குச் சரிகிறது. கதி மாறவில்லை என்றால் இது ஏன்?

வேகம் காவி. அதன் திசை மாறினாலே அது மாறிவிட்டது. வேகம் மாறினால் ஆர்முடுகல் உண்டு, ஆர்முடுகல் இருந்தால் விசை உண்டு. வட்டப்பாதையில் அந்த ஆர்முடுகல் மையத்தை நோக்கியது. அதன் பருமன் கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் கிடைக்கும். அதிவேகப் பாதையிலிருந்து இறங்கும் வளைவு ஒன்றை எடுப்போம். ஆரை 50 மீற்றர், கதி மணிக்கு 40 கிலோமீற்றர் என வைத்தால், அது செக்கனுக்கு 11.1 மீற்றர். வர்க்கம் சுமார் 123. ஐம்பதால் வகுத்தால் ஏறக்குறைய 2.5, புவியீர்ப்பு ஆர்முடுகலில் கால் பங்கு. அதே வளைவில் 80 கிலோமீற்றரில் போனால் கதி இரு மடங்கு, ஆர்முடுகல் நான்கு மடங்கு. புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கே அது சமமாகிவிடும். ஈரவீதியில் சக்கரத்துக்கும் தாருக்கும் இடையிலான உராய்வு அந்த விசையைக் கொடுக்காது. வண்டி வளையாமல் நேரே போய்விடும். வளைவுகளில் பலகை வைத்து கதியைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மாறாக் கதியில் போகிறேன், அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பவர் வேகத்தை எண்ணியாக எண்ணிவிட்டார்.

தேர் வடமும் கூட்டலும்

இனி விடயத்தின் நடுவுக்கு வருவோம். காவிகளைக் கூட்டுவது எப்படி?

கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு வடங்கள். ஒவ்வொரு வடத்தையும் 500 நியூற்றன் விசையால் இழுக்கிறார்கள் எனக் கொள்வோம். உண்மையான தேருக்கு இது எவ்வளவோ போதாது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இந்த எண்.

இரு வடங்களும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக முன்னே நீண்டிருந்தால் தேர் உணரும் விசை 1000 நியூற்றன். வீதி அகலமாக இருக்கிறது, சனம் அதிகம், இரு அணியும் இரு பக்கமாக விலகி நிற்கிறார்கள். வடங்களுக்கு இடையே கோணம் விரிகிறது. இழுப்பவர்களின் பலம் குறையவில்லை, அதே 500, அதே 500. ஆனால்:

1. கோணம் 60 பாகை ஆனால் விளையுள், அதாவது இரண்டும் சேர்ந்து தரும் விசை, சுமார் 866 நியூற்றன்.

2. 90 பாகை ஆனால் சுமார் 707.

3. 120 பாகை ஆனால் சரியாக 500. இரண்டு அணிகள் சேர்ந்து ஓர் அணியின் வேலையைத்தான் செய்கின்றன.

4. 180 பாகை, அதாவது எதிரெதிரே இழுத்தால், பூச்சியம். தேர் அசையாது.

500உம் 500உம் சேர்ந்தால் 1000 என்பது எண்கணிதம். காவிகளுக்கு அந்தக் கூட்டல் செல்லாது. இரண்டு விசைகளையும் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் இரண்டு அம்புகளாக வரைந்து, அவற்றைப் பக்கங்களாகக் கொண்ட இணைகரத்தை முடித்தால், அந்தப் புள்ளியிலிருந்து செல்லும் மூலைவிட்டமே விளையுள். இதுவே இணைகர விதி. 1687இல் வெளிவந்த நியூற்றனின் நூலில் இயக்க விதிகளை அடுத்து வரும் முதல் துணைமுடிவு இதுதான்.

தேர் வடத்தில் நிற்கும் அனுபவசாலிகள் "ஒண்டா நிண்டு நேரா இழுங்கோ" என்று கத்துவது இதைத்தான். எந்தச் சூத்திரமும் எழுதாமல் கோணத்தைக் குறைக்கிறார்கள். கொழும்புத் துறைமுகத்தில் பெரிய கப்பலை இறங்குதுறைக்குக் கொண்டுவரும் இழுவைப் படகுகளுக்கும் இதே கணக்குத்தான். அங்கே கோணத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் இரண்டுமே பயன்படும்: முன்னே இழுக்க வேண்டுமென்றால் சேர்ந்து நிற்கும், கப்பலைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டுமென்றால் விலகி நிற்கும்.

திசை இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. மனனம் செய்த வரியில் விடுபட்டுப்போனது இங்கேதான். திசை இருப்பதோடு இணைகர விதிப்படி கூட்டப்படவும் வேண்டும். அப்படிக் கூட்டப்படாதது, அம்பு போட்டுக் காட்டக்கூடியதாக இருந்தாலும், காவி அல்ல.

மின்னோட்டத்தைப் பாருங்கள். சுற்றின் வரைபடத்தில் அதற்கு அம்பு போடுகிறோம். "மின்னோட்டத்தின் திசை" என்று பேசுகிறோம். ஆனாலும் அது எண்ணி. ஏன்? ஒரு சந்தியில் ஒரு கம்பியில் 3 அம்பியரும், அதற்குச் செங்குத்தாக வரும் இன்னொரு கம்பியில் 4 அம்பியரும் வந்து சேர்ந்தால், வெளியேறும் கம்பியில் 7 அம்பியர். காவியாக இருந்தால் விடை 5 ஆக இருந்திருக்க வேண்டும், 3, 4, 5 செங்கோண முக்கோணியின்படி. கம்பிகளை எந்தக் கோணத்தில் வளைத்தாலும் அந்த 7 மாறாது. மின்னோட்டத்துக்குப் போடும் அம்பு கம்பியில் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதைக் காட்டும் குறி மட்டுமே.

அதே 3உம் 4உம் நடையாக இருந்தால்? பெரிய திறந்த வெளி ஒன்றில் நேராக 300 மீற்றர் நடந்து, பிறகு செங்குத்தாகத் திரும்பி 400 மீற்றர் நடந்தால், தொடங்கிய இடத்திலிருந்து 500 மீற்றர் தள்ளி நிற்பீர்கள். இது காவிக் கூட்டல்.

அமுக்கமும் பலரைத் தடுமாற வைப்பது. அமுக்கம் "எல்லாத் திசையிலும் தாக்குகிறது" என்று படிக்கிறோமே, பிறகு எப்படி எண்ணி? எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதால்தான். அதற்கென்று ஒரு திசை இல்லை. நீருக்குள் ஒரு தட்டை வைத்தால் தட்டின் மேல் விழும் விசைக்குத் திசை உண்டு, அந்தத் திசையைக் கொடுப்பது தட்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது.

மூன்றாவது உதாரணம் கையால் செய்து பார்க்க வேண்டியது. வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒரு புத்தகத்தை எடுங்கள். சுழற்சிக்குப் பருமன் உண்டு, 90 பாகை என்பது போல. அச்சு உண்டு, அதனால் திசையும் உண்டு. ஆகவே அது காவி என்று தோன்றும். மேசையில் புத்தகத்தை அட்டை மேலே தெரியும்படி, தலைப்பகுதி உங்களுக்கு அப்பால் இருக்கும்படி வையுங்கள்.

முதல் முறை: தூர இருக்கும் விளிம்பைத் தூக்கி, அட்டை உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். பிறகு மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். புத்தகம் நிமிர்ந்து நிற்கிறது, அட்டை உங்கள் வலப்பக்கம் பார்க்கிறது.

இரண்டாம் முறை: பழைய நிலையில் வைத்து, வரிசையை மாற்றுங்கள். முதலில் மேசையிலேயே இடஞ்சுழியாகக் கால் சுற்று. பிறகு தூர இருக்கும் விளிம்பைத் தூக்கி நிமிர்த்துங்கள். இப்போது அட்டை உங்களைப் பார்க்கிறது, ஆனால் புத்தகம் சரிந்து கிடக்கிறது. தலைப்பகுதி இடப்பக்கம், முதுகுப்பகுதி மேசையில்.

செய்தது அதே இரண்டு சுழற்சிகள், விடை வேறு. காவிக் கூட்டலில் எதை முதலில் எழுதினாலும் விளையுள் ஒன்றுதான். 300 மீற்றரை முதலில் நடந்தாலும் 400ஐ முதலில் நடந்தாலும் ஒரே இடத்தில்தான் முடிப்பீர்கள். பெரிய சுழற்சிகள் அந்தச் சோதனையில் தேறவில்லை, ஆகவே பருமனும் திசையும் இருந்தும் அவை காவி அல்ல. மிகச் சிறிய சுழற்சிகளில் இந்த வேறுபாடு மறைந்துவிடுவதால் கோண வேகத்தை மட்டும் காவியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பெருக்கலைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு காவிகளைப் பெருக்கினால் எண்ணியும் வரலாம், காவியும் வரலாம். விசையையும் இடப்பெயர்ச்சியையும் எண்ணிப் பெருக்கம் செய்தால் வேலை, அது எண்ணி. சுழலும் மையத்திலிருந்து விசை தாக்கும் இடம்வரையான தானக் காவியையும் விசையையும் காவிப் பெருக்கம் செய்தால் முறுக்கம், அது காவி. வேலைக்கும் முறுக்கத்துக்கும் அலகு பார்த்தால் இரண்டும் நியூற்றன் மீற்றர்தான். ஆகவே அலகை வைத்து எண்ணியா காவியா என்று ஒருபோதும் முடிவு செய்யக்கூடாது.

காற்றைப் பிரித்துப் பார்த்தல்

கூட்டலைத் திருப்பிச் செய்தால் கூறுகளாகப் பிரித்தல். ஒரு காவியை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு காவிகளாக உடைத்து, நமக்கு வேண்டிய கூறை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கட்டுநாயக்க விமான நிலையத்தின் ஓடுபாதையின் ஒரு முனையில் 04 என்றும் மறு முனையில் 22 என்றும் எழுதியிருக்கும். அவை திசை எண்கள். காந்த வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்த பாகையில் கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள்: 04 என்றால் சுமார் 40 பாகை, 22 என்றால் சுமார் 220 பாகை. 220 பாகை என்பது தென்மேற்கு. இரத்மலானை ஓடுபாதையும் இதே 04, 22தான். கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை பலமாக வீசும் பருவக்காற்று வருவதும் தென்மேற்கிலிருந்து. விமானம் காற்றை எதிர்த்து ஏறவும் இறங்கவும் விரும்பும், ஆகவே இந்தப் பொருத்தம் பெரிய வசதி.

ஆனால் காற்று எப்போதும் ஓடுபாதைக்கு நேராக வீசாது. மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று, ஓடுபாதையோடு 30 பாகை சாய்ந்து வருகிறது எனக் கொள்வோம். ஓடுபாதை வழியே எதிர்க்காற்றுக் கூறு 40 × கோசைன் 30, அதாவது சுமார் 35 கிலோமீற்றர். பக்கக் கூறு 40 × சைன் 30, அதாவது 20 கிலோமீற்றர். 35ஐயும் 20ஐயும் எண்களாகக் கூட்டினால் 55 வருகிறதே, 40 எங்கே போனது என்று கேட்கக்கூடாது. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 40 திரும்பி வரும். எதிர்க்காற்று உதவுகிறது, பக்கக்காற்று விமானத்தை ஓடுபாதையிலிருந்து ஒதுக்குகிறது. விமானிக்குத் தேவை 40 என்ற ஒற்றை எண் அல்ல, இந்த இரண்டு கூறுகளும்.

காற்றின் பெயரில் இன்னொரு கண்ணி உண்டு. காற்றை அது புறப்பட்டு வரும் திசையால் அழைக்கிறோம். தென்மேற்குக் காற்று தென்மேற்கிலிருந்து வருவது. அதன் வேகக் காவியின் அம்பு வடகிழக்கைக் காட்ட வேண்டும். நம் பழந்தமிழ்ப் பெயர்களும் அப்படித்தான்: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வடக்கில் கடற்றொழிலாளர் சோளகம் என்பதும் கிழக்கில் கச்சான் என்பதும் காற்றின் பலத்தை மட்டும் சொல்லும் பெயர்களல்ல. எந்தப் பக்கத்திலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்வன. வள்ளத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் காற்றைக் காவியாகத்தான் பேசியிருக்கிறார்கள்.

புயல் செய்தியில் இரண்டு வேகங்கள்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும்போது வானொலியிலும் தொலைபேசிச் செய்திகளிலும் இரண்டு எண்கள் வரும். "காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர்" என்று ஒன்று. "புயல் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் நகர்கிறது" என்று மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு, புயல் 100 கிலோமீற்றரில் ஓடிவருகிறது என்றும், 20 தானே என்று அலட்சியமாகவும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். முதலாவது மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்றின் வேகம். இரண்டாவது அந்த மையமே இடம்பெயரும் வேகம்.

இரண்டும் காவிகள் என்பதால் இடத்துக்கு இடம் வேறு விதமாகக் கூடும். 100 என்பதைச் சுழற்சி மட்டும் தரும் வேகம் எனக் கொள்வோம். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகச் சுழலும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் போல, கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிக் கரையேறும் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். மையத்துக்கு வடக்கே இருக்கும் இடத்தில் சுழலும் காற்று மேற்கு நோக்கி வீசும், புயல் நகர்வதும் மேற்கு நோக்கி. 100உம் 20உம் ஒரே திசை, ஆகவே 120. மையத்துக்குத் தெற்கே சுழலும் காற்று கிழக்கு நோக்கி வீசும், நகர்வு அதற்கு எதிர்: 80. உண்மையான புயலில் கரையும் மலையும் உராய்வும் இந்த எண்களை இன்னும் மாற்றும், ஆனால் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும் என்பது மாறாது.

வடக்குப் பக்கத்தில் அந்த 120 கிலோமீற்றர் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசுகிறது, கடல்நீரைத் தள்ளிக்கொண்டு. தெற்குப் பக்கத்தின் 80 கிலோமீற்றர் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. புயலின் மையம் ஓர் ஊருக்குத் தெற்கே கரையேறுமா வடக்கே கரையேறுமா என்பதைப் பொறுத்து அந்த ஊருக்குள் கடல் ஏறுமா, பின்வாங்குமா என்பது மாறிவிடும். கொழும்பில் இருந்துகொண்டு மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ இருக்கும் உறவினருக்குத் தொலைபேசி எடுப்பவர்கள், காற்றின் எண்ணோடு, மையம் எங்கே கரையேறப் போகிறது, அவர்களின் வீடு அதற்கு எந்தப் பக்கம் என்பதையும் கேட்டுச் சொல்ல வேண்டும்.